மனத்தின் தாபமும் தியான மருந்தும்

திருவள்ளூர் என்று இன்று வழங்கும் திருவெவ்வுள் திவ்ய தேசத்தில் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ வீரராகவப் பெருமாளை 'வைத்திய வீரராகவன்' என்றே அடியார்கள் அன்புடன் அழைத்து வருகின்றனர். தை, சித்திரை மாதங்களில் நடைபெறும் பிரம்மோற்ஸவங்களுக்கும், மாதந்தோறும் அமாவாசைக்கும் வந்து சேவிக்கும் அன்பர்களுள் பலர், தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ வந்த பிணியின் பொருட்டு நேர்ந்துகொண்டவர்கள். உப்பும் மிளகும் சமர்ப்பிப்பதும், திருக்குளத்தில் வெல்லம் கரைப்பதும் இங்கே தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

அத்திருக்குளத்தின் திருநாமம் ஹிருத்தாபநாசினி. 'ஹ்ருத்' என்பது இருதயம். 'தாபம்' என்பது வெப்பம், வேதனை. 'நாசினி' என்பது அழிப்பவள். உடற்பிணி தீர வேண்டி வரும் ஸ்தலத்தில், தீர்த்தத்திற்கு மட்டும் உள்ளத்தின் வேதனையைக் குறித்துப் பெயர் வைத்தனர் நம் முன்னோர். உடம்பில் புண் ஆறிய பின்னும் உள்ளத்தில் ஆறாமல் நின்றுவிடும் புண் ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். அத்தகைய புண்ணைப் பற்றியும், அதற்குத் தியானம் எவ்வளவு தூரம் மருந்தாகும் என்பதைப் பற்றியும், உற்ஸவத்திற்கு வந்திருக்கும் அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

நோயின் இலக்கணம்

உயிருக்கே ஆபத்து என்னும்படியான நிகழ்ச்சி ஒன்றில் அகப்பட்டு மீண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விபத்து, தீ, வெள்ளம், போர், வன்முறை என அது எதுவாகவும் இருக்கலாம். அதன் பின் சில நாட்கள் உறக்கம் கெடுவதும், நெஞ்சு படபடப்பதும் யாருக்கும் இயற்கையே. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அது தானே தணிந்துவிடுகிறது. சிலர்க்கோ ஒரு மாதம் கடந்தும் தணிவதில்லை. மாதங்கள் ஆண்டுகளாகவும் நீள்கிறது. இந்நிலையை 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனியொரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பமே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. தமிழில் இதனை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்கின்றனர். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் மக்கள் உள்ளத்தில் விளைந்தவற்றைக் குறித்துத் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். பொருள் விளங்கும் சொல் அது.

இந்நோயின் குறிகளை மருத்துவர்கள் நான்கு வகையாகப் பிரிக்கின்றனர். முதலாவது, நடந்தது மீண்டும் மீண்டும் அழையாமல் வந்து நிற்றல். அது கனவாகவும் வரும். விழித்திருக்கும் போதே கண்முன் காட்சியாகவும் வரும். இரண்டாவது, அதனை நினைவூட்டும் இடம், மனிதர், பேச்சு ஆகியவற்றை விட்டு ஒதுங்குதல். மூன்றாவது, உள்ளம் மரத்துப் போதல். 'என்னால்தான் இப்படி ஆயிற்று' என்ற வீண் குற்றவுணர்வும், எவரிடத்தும் பற்றில்லாமையும் இதில் அடங்கும். நான்காவது, எந்நேரமும் விழிப்பு நிலையிலேயே இருத்தல். சிறு ஓசைக்கும் திடுக்கிடுவர். எளிதில் சினம் கொள்வர். படுத்தால் உறக்கம் வராது.

இக்குறிகள் உள்ளவரைக் கோழை என்றோ, பக்தி குறைந்தவர் என்றோ, காற்று கருப்பு பிடித்தவர் என்றோ கூறுவது அறியாமை. காலில் எலும்பு முறிந்தவரை நடக்கவில்லை என்று எவரும் கடிந்துகொள்வதில்லை அன்றோ?

நம் வட்டாரத்தில் இதன் சுவடுகள்

இது எங்கோ நடக்கும் செய்தி என்று எண்ண வேண்டா. திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் தொழிற்சாலைகளுக்குச் சென்று வருகின்றனர். இயந்திரத்தில் விரலை இழந்தவர், கொதிகலன் வெடித்ததை அருகிருந்து கண்டவர், நெடுஞ்சாலையில் உடன் வந்தவரைப் பறிகொடுத்தவர் எனத் தொழில் வட்டாரங்களில் இத்தகையோர் இல்லாத தெரு அரிது. கையில் கட்டுப் போட்டு அனுப்புவதோடு சிகிச்சை முடிந்தது என்று கருதிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்தும் அவர் அந்த இயந்திரத்தின் அருகே செல்ல மறுத்தால் சோம்பல் என்கிறோம்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, கும்மிடிப்பூண்டியை அடுத்த கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் வண்டி, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் அதிகாலையில், திருவள்ளூருக்கு அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி தடம் புரண்டு தீப்பற்றியது. கரும்புகை வானை மறைக்க, அருகில் குடியிருந்தோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல். ஆயினும் உயிர் பிழைத்த கணக்கில் உள்ளத்தின் சேதம் எழுதப்படுவதில்லை.

இன்னும் ஒன்று. இலங்கையில் 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்த தமிழ் மக்கள் தங்கியுள்ள முகாம்களுள் கும்மிடிப்பூண்டி முகாம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. மறுவாழ்வு முகாம்கள் என்று 2021 முதல் அவை பெயர் பெற்றுள்ளன. குண்டு வீச்சையும் இடப்பெயர்ச்சியையும் கண்ட முதியோர் அங்கே உள்ளனர். பழவேற்காட்டுக் கடற்கரையில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டவர்களும் நம் மாவட்டத்தாரே.

நினைவே நோய், நினைவே மருந்து

தியானம் என்னும் சொல்லைப் பலரும் பலவாறு பொருள் கொள்கின்றனர். மனத்தை வெறுமையாக்குவது என்பர் சிலர். பகவத் ராமாநுஜர் ஸ்ரீ பாஷ்யத்தில் தியானத்தை விளக்குமிடத்து, எண்ணெய் ஒழுக்குப் போல இடையறாது ஓடும் நினைவு என்று அருளிச்செய்கிறார். தண்ணீரை ஊற்றினால் சிதறும். எண்ணெயை ஊற்றினால் அறாத கம்பியாக இறங்கும். அவ்வாறு ஒன்றையே பற்றித் தொடரும் நினைவே தியானம்.

இந்த விளக்கம் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பொருந்துவது. மனக்காயம் என்பதும் ஒருவகையில் நினைவின் நோயே. ஆனால் அங்கே நினைவு அழையாமல் வருகிறது; துண்டு துண்டாக வருகிறது; வந்தவரை அடிமை கொள்கிறது. தியானத்தில் நினைவை நாம் அழைக்கிறோம். நாம் தேர்ந்த பொருளில் நிறுத்துகிறோம். அது விலகினால் கடிந்துகொள்ளாமல் மீண்டும் கொண்டுவருகிறோம். 'என் மனத்தை நான் திருப்ப இயலும்' என்னும் இச்சிறு அனுபவமே, இந்நோயால் வருந்துபவர் இழந்துவிட்ட பொருள். நாள்தோறும் சில நிமிஷம் அதனை மீட்டுத் தருவதே தியானம் செய்யும் முதல் உபகாரம்.

உடலில் நிகழ்வது யாது?

ஆபத்து வந்தபோது நம்மைக் காக்க உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் உள்ள அமிக்டலா என்னும் உறுப்பு அபாய மணி அடிக்கிறது. உடனே இருதயம் விரைகிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் மூளையின் முன்பகுதி அம்மணியை நிறுத்த வேண்டும். மனக்காயம் பட்டவர்க்கு இந்நிறுத்தம் சரிவர நடப்பதில்லை. தீ அணைந்த பின்னும் மணி ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

இருதயத் துடிப்பை நாம் நேரே கட்டளையிட்டுக் குறைக்க இயலாது. ஆனால் மூச்சை நம் விருப்பப்படி மாற்ற இயலும். மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயம் சற்றே விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இருதயத்திற்கும் வயிற்றிற்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு இத்தணிவை நடத்துகிறது. ஆகவே வெளிமூச்சை நீளமாக்கினால் உடலுக்கு 'ஆபத்து இல்லை' என்று செய்தி சென்று சேர்கிறது.

நாமஜபத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டிருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். நலமுடைய 23 பேரைக் கிறிஸ்தவ ஜபமாலைப் பிரார்த்தனையையும், பின்னர் ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிஷத்திற்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்குத் தணிந்தது. இருதயத்தின் ஒழுங்கும் சீர்பட்டது. எந்த நாமமாயினும் நிதானமாகச் சொல்லுமிடத்து மூச்சு தானே நீள்கிறது என்பது இதனால் விளங்கும். தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் யாழ்ப்பாணத்தில் அவரவர் சமயத்திற்கு ஏற்ற சொல்லை அவரவர்க்கு ஜபமாகக் கற்பித்ததும் இக்கருத்துப் பற்றியே.

நாகப்பட்டினம் தந்த பாடம்

ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. எட்டு மாதங்களுக்குப் பின், அங்குள்ள முகாம்களில் இருந்தோருள் மனக்காயத்தின் குறிகள் மிகுதியாக உள்ள 183 பேரைத் தேர்ந்து ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினர்க்கு உஜ்ஜாயி முதலிய மூச்சுப் பயிற்சிகள் எட்டு மணி நேர அளவில் கற்பிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினர்க்கு அப்பயிற்சியுடன், நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லி எதிர்கொள்ளும் சிகிச்சையும் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினர் ஆறு வாரம் காத்திருந்தனர். பதினேழு கேள்விகள் கொண்ட அளவுகோலால் துன்பம் அளக்கப்பட்டது. அதில் மிகக் குறைந்த அளவு 17, மிக உயர்ந்தது 85. ஆறு வார முடிவில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்க்கு ஏறத்தாழ 42 புள்ளிகளும், இரண்டும் பெற்றவர்க்கு 39 புள்ளிகளும் குறைந்தன. காத்திருந்தவர்க்கு ஐந்து புள்ளிகள் கூடக் குறையவில்லை. இம்முடிவு 2010-இல் வெளியாயிற்று.

மகிழத்தக்க செய்தியே ஆயினும் நிதானத்துடன் கொள்ள வேண்டும். இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் தீர்மானிக்கப்படவில்லை. முகாம் முகாமாகப் பிரிக்கப்பட்டது. கூடி அமர்ந்து பயின்ற ஆறுதலும், கவனிப்பார் உண்டு என்ற நம்பிக்கையும் அக்குறைவில் எவ்வளவு பங்கு கொண்டன என்று பிரித்துச் சொல்ல இயலாது.

2008-ஆம் ஆண்டு பீஹாரில் கோசி நதி கரை உடைத்தபோது, வெள்ளத்தில் தப்பிய 22 பேரிடையே ஓர் ஆய்வு நடந்தது. இதில் பிரிவுகள் குலுக்கல் முறையில் அமைந்தன. ஒரு வாரம் யோகம் பயின்றவர்க்குத் துயரம் குறைந்தது. பயிலாதவர்க்குக் கலக்கம் மிகுந்தது. எண்ணிக்கை சிறிது, காலமும் சிறிது. எனினும் பேரிடர் நடந்த இடத்திலேயே, செலவின்றிச் செய்யத்தக்கதாக இம்முறை இருப்பது குறிப்பிடத்தக்கது.

வடகிழக்கு இலங்கையில் போரையும் ஆழிப்பேரலையையும் ஒருங்கே கண்ட 8 முதல் 14 வயது வரையுள்ள 31 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர், தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கமுதல் சொல்லி, கொடிய நிகழ்ச்சியை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்கப் பயின்றனர். மற்றொரு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பயின்றனர். இரண்டும் ஆறே அமர்வுகள். கற்பித்தோர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் பிரிவினரில் நூற்றுக்கு 81 பேரும், தியானப் பிரிவினரில் நூற்றுக்கு 71 பேரும் நோயின் இலக்கணத்திலிருந்து விடுபட்டிருந்தனர்.

அமெரிக்காவில் 203 முன்னாள் போர்வீரர்களிடம் நடைபெற்று 2018-இல் வெளியான ஆய்வில், ஆழ்நிலைத் தியானம் பயின்றவர்களின் முன்னேற்றம், நடந்ததை எதிர்கொள்ளும் உளச்சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றத்திற்குக் குறைந்ததாக இல்லை. நம் நாட்டுச் சரக்கு கடல் கடந்து சென்று, அங்கே தராசில் நிறுக்கப்பட்டுத் தேறியது என்று சொல்லலாம்.

மருந்தின் எல்லை

இவ்வளவும் கூறிய பின், இதன் எல்லையையும் கூறாமல் விடுவது அன்பர்களை வஞ்சிப்பதாகும்.

நடந்ததைத் தேர்ந்த மருத்துவரின் துணையுடன் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் உளச்சிகிச்சைக்கே உலகெங்கும் இன்றளவும் உறுதியான சான்றுகள் மிகுதி. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் பலர்க்கு உதவுகின்றன. தியானம் அவற்றுக்குத் துணையாக நிற்கத்தக்கது. சிகிச்சை எட்டாத இடத்தில் முதற்படியாகவும் நிற்கத்தக்கது. தியானம் பழகத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது பெரும் தவறு. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடைபெற வேண்டும்.

அன்றியும், மனக்காயம் பட்ட சிலர்க்குக் கண்ணை மூடி அமைதியாக அமர்ந்தால் அமைதி வருவதற்குப் பதிலாக அந்தக் கொடிய காட்சியே வந்து நிற்கும். சிலர்க்கு உடம்பே தம்முடையதன்று என்பது போன்ற மயக்கம் தோன்றும். இது அவர் குற்றமன்று. பயிற்சி முறையை மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளம். 'பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்' என்று வற்புறுத்துவது புண்ணைக் கிளறுவதாகும்.

ஸ்ரீமத் பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனம் காற்றைப் போல அடக்குதற்கரியது என்று அர்ஜுனன் முறையிடுகிறான். கண்ணபிரான் அதனை மறுக்கவில்லை. அரிதே என்று ஒப்புக்கொண்டு, பழக்கத்தாலும் பற்றின்மையாலும் வசப்படும் என்கிறான். அதற்கு முன்பே, மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்றும் அருளியிருக்கிறான். உறக்கமே இழந்தவர்க்கு முதலில் வேண்டியது உறக்கமும் ஆகாரமும் என்பதற்கு இதனினும் மேலான பிரமாணம் வேண்டுமோ? அதற்கு மருத்துவர் உதவி தேவைப்படின் அதனை நாடுவதே யோகத்தின் முதற்படி.

பயிற்சி முறை

கீழ்க்காணும் முறை எளியது, எச்சமயத்தாரும் செய்யத்தக்கது, தீங்கு விளைக்காத அளவில் அமைந்தது.

ஒன்று: நேரமும் இடமும். காலையிலும் மாலையிலும் ஐந்து ஐந்து நிமிஷம் போதும். கதவு கண்ணுக்குத் தெரியும்படி, முதுகு சுவரில் சாய்ந்திருக்கும்படி அமர்க. பின்னால் யாரேனும் வருவரோ என்ற அச்சம் இதனால் குறையும். நாற்காலியும் ஆகும், பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும்.

இரண்டு: கண். முதல் சில வாரங்கள் கண்ணை மூட வேண்டா. விளக்கின் சுடரையோ, பெருமாள் படத்தையோ, தரையில் ஓர் இடத்தையோ மெல்ல நோக்கியிருக்க.

மூன்று: ஊன்றுதல். பாதத்தின் கீழ்த் தரை, கையின் கீழ்த் துணி, காதில் விழும் ஓசை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் குறித்துக்கொள்க. 'இன்று இன்ன நாள்; நான் என் இல்லத்தில் இருக்கிறேன்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்க. பழைய நிகழ்ச்சி பழையதே என்பதை உடலுக்கு உணர்த்துவது இது.

நான்கு: மூச்சு. நான்கு எண்ணும் அளவு உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு வெளிவிடுக. மூச்சை அடக்கி நிறுத்த வேண்டா. விரைந்து ஊதும் பஸ்திரிகை போன்றவற்றைத் தாமே செய்ய வேண்டா. கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தமும் வலிப்பும் உடையவரும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

ஐந்து: நாமம். மூச்சு நிலைப்பட்ட பின், வெளிமூச்சோடு தமக்கு இனிய ஒரு நாமத்தை வாய்க்குள்ளாகச் சொல்லுக. மனம் விலகிச் செல்லும். சென்றதை அறிந்தவுடன் மீண்டும் நாமத்திற்குத் திரும்புக. நூறு முறை விலகி நூறு முறை திரும்பினால் நூறு முறை பயிற்சி ஆயிற்று என்று கொள்க.

ஆறு: நிறுத்தற்குறி. கொடிய காட்சி வந்தால், மூச்சு முட்டினால், கைகால் மரத்தால் உடனே நிறுத்துக. எழுந்து நடக்க, குளிர்ந்த நீரால் முகம் கழுவுக, அருகில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்க. அமர்ந்து செய்வது இயலாதவர் நடந்துகொண்டே செய்யலாம். பிரதக்ஷிணம் வருவது நடக்கும் தியானமே அன்றோ? அடி ஒன்றுக்கு நாமம் ஒன்றாக வைத்து வருக.

இவ்வாறு எட்டு வாரம் செய்தும் உறக்கமும் கலக்கமும் சீர்படவில்லையெனில், அல்லது இடையிலேயே துன்பம் மிகுந்தால், மருத்துவரை அணுகத் தாமதிக்கலாகாது.

இல்லத்தார்க்கும் உற்ஸவத்தார்க்கும்

'நடந்ததை மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள். மறக்க இயலாமையே நோய். 'என்ன நடந்தது, ஒன்றுவிடாமல் சொல்' என்று வற்புறுத்தவும் செய்யாதீர்கள். விபத்து நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் யாவற்றையும் சொல்லச் செய்யும் முறை பயன் தராது என்று உலக சுகாதார நிறுவனமே 2013-இல் அறிவுறுத்தியிருக்கிறது. அவராகப் பேசும்போது இடைமறிக்காமல் கேட்பதும், பேசாதபோது உடனிருப்பதும் போதும். மதுவால் உறக்கம் தேடுவாராயின் கடிந்து பேசாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உற்ஸவ காலத்தில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். அதிர்வேட்டும் வாணவேடிக்கையும் நமக்கு ஆனந்தம்; வெடியோசையில் உயிர் தப்பியவர்க்கு அது மீண்டும் அந்த நாளே. தேர் வடத்தருகே நெருங்கும் கூட்டமும் சிலர்க்கு மூச்சை முட்டச் செய்யும். அத்தகையோரை உடன் அழைத்து வருபவர், வேட்டு போடும் நேரத்தை முன்னதாகவே அறிந்து சொல்லிவையுங்கள்; கூட்டத்தின் ஓரத்தில், வெளியேற வழியுள்ள இடத்தில் நிறுத்திச் சேவை செய்து வையுங்கள். ஸ்தலத்தார் வேட்டு போடுமுன் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை அறிவித்தால் அதுவும் பெரிய கைங்கர்யமே.

உதவி பெறும் வழிகள் இன்று அருகிலேயே உள்ளன. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. மனநல சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. இதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை.

எவ்வுள்?

இத்திருப்பதியின் பெயர்க் காரணம் அன்பர்கள் அறிந்ததே. சாலிஹோத்ர மஹரிஷி ஓராண்டு உபவாசமிருந்து, பாரணைக்கு வைத்திருந்த அன்னத்தை முதியவர் வடிவில் வந்த அதிதிக்கு அளித்தார். உண்டு களைத்த அதிதி, தாம் சயனிப்பதற்கு எந்த உள் என்று கேட்டார். முனிவர் தம்முடைய குடிலையே காட்டினார். அவ்விடத்திலேயே பெருமாள் பள்ளிகொண்டான். ரிஷியின் சிரத்தின் மீது திருக்கரத்தை வைத்தபடி இன்றும் சேவை சாதிக்கிறான்.

அச்சமின்றிச் சாய்ந்து கண்ணுறங்க எந்த இடம் என்பதே மனக்காயம் பட்டவர் ஒவ்வொருவரும் வாய் திறவாமல் கேட்கும் கேள்வி. அவர்க்கு இடம் காட்டும் கடமை நமக்கு உண்டு. இல்லத்தில் ஓர் அமைதியான மூலையும், கடிந்து பேசாத உறவும், வேளைக்கு மருந்தும், நாள்தோறும் பத்து நிமிஷத் தியானமும் கூடினால் அந்த இடம் அமைந்துவிடும்.

ஸஹஸ்ரநாமத்தில் மருந்து என்றும் மருத்துவன் என்றும் பொருள்படும் இரு திருநாமங்கள் எம்பெருமானுக்கு அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஆகவே மருத்துவரிடம் செல்வதும் அவன் சந்நிதிக்குச் செல்வதும் ஒன்றுக்கொன்று முரணாகா. திருக்குளத்தில் இட்ட வெல்லம் ஒரு நொடியில் கரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மெல்லக் கரைந்து போகிறது. உள்ளத்தின் தாபமும் அவ்வாறே பொறுமையால் தீர்வது. இவ்வுற்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள் தம் இல்லத்திலோ தெருவிலோ இத்தகையவர் ஒருவர் இருப்பின், இல்லம் திரும்பியதும் அவரருகே சற்று நேரம் அமர்ந்து, உறக்கம் எப்படி என்று கேட்பார்களாக. அவ்வொரு கேள்வியிலிருந்து சிகிச்சை தொடங்கட்டும். வைத்திய வீரராகவன் திருவருள் துணை நிற்கட்டும்.